எக்ஸ் டெர்மினல்: கேட்டவையும் சொன்னவையும்

1990-களில் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருந்த வண்ண எக்ஸ் டெர்மினல்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. எக்ஸ் என்பது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் விண்டோக்களைத் திரையில் காட்டும் முறை.

கேள்வி: சார், இதுவும் கம்ப்யூட்டர்தானே? ஏன் டெர்மினல் என்கிறீர்கள்?

பிராசசர், மெமரி, ஈதர்நெட் (நெட்வொர்க் இணைப்பு) எல்லாம் உள்ளே உண்டு. எச்பி 700/ஆர்எக்ஸ் மாடலில் இன்டெல் ஐ960 பிராசசர் இருந்தது. ஆனால் உங்கள் புரோகிராம் நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு யூனிக்ஸ் இயந்திரத்தில் ஓடும். இது திரையில் வரையும். மவுஸ், கீபோர்டு அசைவுகளை அங்கே அனுப்பும். அவ்வளவுதான்.

கேள்வி: அப்போது யூனிக்ஸ் இயந்திரம்தானே சர்வர்?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. மேசையில் இருக்கும் டெர்மினல்தான் எக்ஸ் சர்வர். திரையைத் தருவது அது. "இங்கே ஒரு கோடு போடு" என்று கேட்கும் புரோகிராம்தான் கிளையன்ட். அது டெர்மினலின் 6000-ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) தேடி வரும்.

கேள்வி: நெட்ஸ்கேப் பிரவுசரைத் திறந்தால் மற்ற விண்டோக்கள் பச்சையும் ஊதாவுமாக மாறுகின்றன. மானிட்டர் போய்விட்டதா?

மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. திரையின் ஒரு புள்ளிக்கு 8 பிட் ஒதுக்கும் டெர்மினலில் ஒரே நேரத்தில் 256 நிறங்கள்தான். அந்த 256 இடங்களையும் எல்லாப் புரோகிராம்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதலில் வந்தவர் அள்ளிக்கொண்டால், அடுத்தவர் தனக்கென்று தனி நிற அட்டவணை போட்டுக்கொள்வார். மவுஸ் அந்த விண்டோவுக்குள் போனதும் அவருடைய அட்டவணை ஏறும், மற்றவர்களின் நிறம் கெடும். எல்லாம் மெமரிச் சிக்கனம்: 1024×768 திரைக்கு 8 பிட்டில் 768 கேபி, 24 பிட்டில் அதைப் போல மூன்று மடங்கு. அன்றைய மெமரி விலையில் அது கட்டுப்படியாகாது. நெட்ஸ்கேப்பைத் தொடங்கும்போதே, படங்களுக்கு எத்தனை நிறம் எடுக்கலாம் என்று சொல்லும் 'என்கால்ஸ்' (-ncols) ஆப்ஷனில் 64 என்று கொடுத்துப் பாருங்கள், அடங்கும்.

கேள்வி: பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கினேன் அண்ணா. ஆன் செய்தால் எதையோ தேடிக்கொண்டே நிற்கிறது.

பெரும்பாலும் இவற்றில் ஹார்ட் டிஸ்க் இருக்காது தம்பி. பூட்பி (BOOTP) என்ற நெட்வொர்க் முறை வழியாக முகவரி கேட்கும், அப்புறம் டிஎஃப்டிபி (TFTP) என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து தன் மென்பொருளை இறக்கிக்கொள்ளும். உங்கள் மாடலுக்கான அந்தக் கோப்பு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. பின்னால் பிஎன்சி சாக்கெட் (வட்டமான நெட்வொர்க் சாக்கெட்) மட்டும் இருந்தால் கோஆக்சியல் கேபிள்தான், அதன் இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் மின்தடை) வேண்டும். (அதை ஒருவர் கழற்றினால் போதும், நெட்வொர்க் நின்றுபோய் அந்த வரிசையில் உள்ளவர்கள் எல்லாரும் எழுந்து நின்று முறைப்பார்கள்.)

கேள்வி: இன்றைய லினக்ஸோடு சேருமா?

டெர்மினலில் லாகின் திரையைக் கொண்டுவரும் எக்ஸ்டிஎம்சிபி (XDMCP) முறையை லினக்ஸ் இயந்திரத்தில் நீங்களே இயக்க வேண்டும். பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமல் போகும் என்பதால் வீட்டு நெட்வொர்க்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எக்ஸ்டெர்ம் (கட்டளைகளைத் தட்டும் எளிய விண்டோ) ஓடும். புதிய பிரவுசரை எதிர்பார்க்க வேண்டாம்.