பொம்மையின் கழுத்து ஏன் தொங்குகிறது, குட்டிச் சட்டை ஏன் விறைக்கிறது?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 61. மூன்று வயதுப் பேத்திக்காகக் கையால் துணி பொம்மை தைக்கிறேன். 14 இன்ச் உயரம். தைத்து முடித்த அன்று தலை நன்றாகத்தான் நிற்கிறது. ஒரு வாரத்தில் தொங்கிவிடுகிறது. அதற்குப் பாவாடை சட்டை தைத்தால் அட்டை மாதிரி விறைக்கிறது, கையை நுழைக்கவே முடியவில்லை. மெஷினோ துணியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. போன வருஷம் தலையணைப் பஞ்சு அடைத்துக் கொடுத்த பொம்மை மழைக்காலத்தில் ஈர வாடை அடித்து, தூக்கிப் போடும்படி ஆயிற்று. இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். விற்கலாமா?

பதில்: ஆளுக்குத் தைத்துப் பழகிய கை உங்களுடையது. அந்தப் பழக்கம்தான் பொம்மையிடம் தோற்கிறது. அளவைச் சுருக்கிவிடலாம், துணியின் கனத்தைச் சுருக்க முடியாது. ஐந்தேகால் அடி உயரப் பெண் 63 இன்ச். உங்கள் பொம்மை 14. அதாவது நாலரை மடங்கு சிறியது. ரவிக்கைக் கையில் அரை இன்ச் மடித்து அடித்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. அதே அரை இன்ச் பொம்மைச் சட்டையில் ஏறினால், நாம் இரண்டேகால் இன்ச் மடிப்பு வைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்ட மாதிரி. அதுவும் போர்வைக் கனத்துத் துணியில். விறைக்காமல் என்ன செய்யும்?

முதலில் கழுத்து. காகிதத்தில் வரையும்போது கழுத்து ஒன்றரை இன்ச் அகலம் என்று போட்டிருப்பீர்கள், பார்க்கவும் போதுமானதாகத் தெரிந்திருக்கும். தட்டையாக இருக்கிற பையில் பஞ்சு போனதும் அது உருண்டையாகிறது. ஒன்றரை இன்ச் அகலம் ஒரு இன்ச்சுக்கும் குறைவான விட்டமாகிவிடும். தட்டை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. அந்த ஒல்லிக் கழுத்தின் மேல் உலகத்திலேயே கனமான தலையை வைக்கிறோம்: பஞ்சு, முடிக்கு ஒரு கண்டு கம்பளி நூல், போதாதற்குப் பூ வேறு. ஆகவே அடுத்த பொம்மைக்குக் கழுத்தை இரண்டு, இரண்டேகால் இன்ச் அகலமாக வரையுங்கள். காகிதத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும். கவலைப்படாதீர்கள்.

இன்னொரு காரணம் அடைக்கும் வரிசை. தலையை அடைத்து, உடம்பை அடைத்து, நடுவில் இருக்கும் கழுத்தைக் கடைசியில் கவனிப்போம். அதற்குள் அங்கே குழி விழுந்திருக்கும். தலையைக் கல் மாதிரி இறுக்கிவிட்டு, அதே மூச்சில் கழுத்தையும் நெஞ்சின் பாதி வரையும் தூண் போல ஒரே தொடர்ச்சியாக அடையுங்கள். சுண்டைக்காய் அளவு பஞ்சாகக் கிள்ளிக் கிள்ளி, பென்சிலின் மொட்டை முனையால் குத்த வேண்டும். கைப்பிடி பஞ்சை ஒரேயடியாகத் திணித்தால் வெளியே கட்டி கட்டியாகத் தெரியும், உள்ளே வெற்றிடமாக இருக்கும்.

துணி நெய்த திசையையும் பாருங்கள். பாவு நூல் ஓடும் நீளவாக்கில் துணி அதிகம் இழுபடாது. அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கும். கிராஸில், அதாவது மூலைவாட்டில், ரப்பராக நீளும். கழுத்தும் கைகால்களும் நீளவாக்கில் விழும்படி வெட்டினால் நெடுநாள் வடிவம் மாறாது. மிச்சத் துணியில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் வைத்து வெட்டும் சிக்கனம் சட்டைக்குச் சரி, உடம்புக்கு வேண்டாம்.

இப்போது தலை தொங்கிக் கிடக்கிற பொம்மையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதுகுத் தையலில் இரண்டு இன்ச் பிரியுங்கள். பழைய வேஷ்டியில் மூன்று இன்ச் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, விளக்குத் திரி போல இறுக்கி இறுக்கிச் சுண்டுவிரல் கனத்துக்குச் சுருட்டி, பிரியாமல் நான்கு தையல் போடுங்கள். அதைப் பாதி தலைக்குள்ளும் பாதி நெஞ்சிலுமாகச் செலுத்தி, சுற்றிலும் பஞ்சு அடைத்து மூடிவிடுங்கள். ஐஸ் குச்சி, கம்பி வைக்கிறவர்கள் உண்டு. மூன்று வயதுக் குழந்தை பொம்மையின் மேல் உட்காரும், கடிக்கும். உடைந்த குச்சி துணியைத் துளைத்து வெளியே வரும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பஞ்சு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கத்தை மும்பையில் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஜூனில் தொடங்கும் இந்த ஊர் மழையில் அலமாரிக்குள் செருப்பே பூத்துப்போகிறது, பொம்மை எம்மாத்திரம்? இலவம் பஞ்சின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீரைச் சுலபத்தில் குடிக்காது; அந்த வகையில் நல்லது. ஆனால் இழை மிகப் பொடி. நெருக்கமாக நெய்யாத துணியில் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், அடைக்கிறவருக்கும் தும்மல் ஓயாது, கொஞ்ச நாளில் அமுங்கியும் விடும். குழந்தை கையில் தருகிற, அடிக்கடி துவைக்கிற பொம்மைக்குத் தலையணையில் போடும் பாலியெஸ்டர் ஃபைபர்தான் சரி. துவைத்துப் பிழிந்து மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டால் உலர்ந்துவிடும். 14 இன்ச் பொம்மைக்கு 100 முதல் 150 கிராம் பிடிக்கும். முதல் தடவை அடைக்கிறவர்கள் பாதியிலேயே போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள்; நிறுத்தாதீர்கள்.

உடம்புக்குக் காடாத் துணி. வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒரு இரவு ஊற வைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது முன்னமே சுருங்கட்டும். நம் பிள்ளைகளின் நிறம் வேண்டுமென்றால் கெட்டியான தேயிலைத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, துணியை விடாமல் கிளறிக்கொண்டே நனையுங்கள். கிளறாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஈரத்தில் தெரிகிற நிறம் உலர்ந்தால் வெளுக்கும், அதனால் ஒரு படி கூடுதலாகவே விடுங்கள். கடையில் வாங்கும் வெளிர்சிவப்பு பொம்மைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு இந்தத் தேயிலை நிறத்தின் மேல் ஒரு தனிப் பிரியம்.

சரி, சட்டைக்கு வருவோம். பாதிப் பிரச்சினை துணியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த வாயில் புடவை, மல் துணி, கேம்பிரிக் லைனிங், சுங்குடி இவை பொம்மையின் மேல் படிந்து விழும். புதுப் பட்டு, ரவிக்கைக்கு வைக்கும் கனமான சில்க் காட்டன் நிமிர்ந்து நிற்கும். புள்ளியும் பூவும் மிளகு அளவைத் தாண்டக் கூடாது. நாலு இன்ச் காஞ்சிபுரம் கரை ஆசையாகத்தான் இருக்கும். பொம்மைக்கு அது கணுக்காலிலிருந்து முழங்காலையும் தாண்டி வந்துவிடும். புலேஷ்வர் பக்கம் கால் இன்ச் அரை இன்ச் ஜரிகைப் பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கலாம், அது பொருத்தம். துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட் போகலாம், ஆனால் பொம்மைக்குத் தேவை அரை மீட்டர் கூட இல்லை. தாராவித் தையல் கூடங்களில் விழுகிற, இங்கே சிந்தி என்று எடை போட்டு விற்கிற வெட்டுத் துணியே தாராளம். அதில் பனியன் துணி கலந்திருக்கும். இழுத்துப் பார்த்துப் பொறுக்குங்கள்.

மெஷின் துணியை விழுங்குவதற்குக் காரணம், ஊசி இறங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் பற்கள் பிடித்து நகர்த்த அங்கே போதுமான துணி இல்லாததுதான். எனவே வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள், தைத்துவிட்டு வெட்டுங்கள். துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, அட்டை வடிவத்தை மேலே வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே தைத்துக்கொண்டு போய், பிறகு கோட்டுக்கு வெளியே எட்டில் ஒரு பங்கு இன்ச் விட்டு வெட்டுங்கள். பொம்மையின் கை, கால், கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சட்டையில் தோள் மாதிரி வெட்டிய பின்தான் தைக்க முடியும் என்கிற இடங்களில் அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். 9 அல்லது 11 நம்பர் ஊசி, பொடித் தையல். பெரிய தையல் வளைவில் மூலை மூலையாக உடைந்து தெரியும்.

கை நுழையாதது சட்டையின் அளவுக் கோளாறு இல்லை. பொம்மை முழங்கையை மடக்காது, தோளைக் குறுக்காது. தலையோ உடம்பை விடப் பெரிது. நம் சட்டையைப் போலத் தலை வழியாகப் போடுவது நடக்காத காரியம். முதுகு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை. அளவையும் காகித வடிவத்திலிருந்து எடுக்காமல், பஞ்சு அடைத்த பின் டேப் வைத்து எடுங்கள். மார்புச் சுற்றளவுக்கு மேல் ஒரு இன்ச், முதுகில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதற்கு முக்கால் இன்ச். அவ்வளவுதான்.

வரிசை முக்கியம். தைத்து மூடிய சட்டைக்கைக்குள் உங்கள் விரல் போகாது. எனவே எல்லாம் தட்டையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். முதலில் தோள் இரண்டையும் சேருங்கள். சட்டைக்கையின் நுனி ஓரத்தை அடித்துவிட்டு, அந்தக் கையைத் தட்டையாகவே தோளோடு பொருத்துங்கள். கடைசியாகக் கை நுனியில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். அக்குளில் தையலுக்கு மிக அருகே வரை இரண்டு சிறு வெட்டுப் போடாவிட்டால் அங்கே இழுத்துப் பிடிக்கும். கழுத்துக்கு மடித்தடிக்கவே வேண்டாம்: தோளைச் சேர்த்தவுடன் அதே வடிவத்தில் மெல்லிய லைனிங் ஒன்றை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து, கழுத்தையும் முதுகுத் திறப்பையும் தைத்து உள்ளே திருப்பிவிட்டால் மடிப்பும் இல்லை, பிசிறும் இல்லை.

பாவாடையில் ஒரு சின்னத் தந்திரம். புடவையின் நெய்த ஓரம் பிசிறாது அல்லவா, அந்த ஓரம் பாவாடையின் அடியில் வரும்படி வெட்டுங்கள். கீழே ஓரம் அடிக்கும் வேலையே இல்லை. அகலம் இடுப்புச் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு போதும். நமக்கு வைப்பதுபோல மூன்று நான்கு மடங்கு கொசுவம் வைத்தால் இடுப்பில் துணி குவிந்து பொம்மை உரல் மாதிரி ஆகிவிடும்.

முதுகை மூடக் கொக்கி, டிச் பட்டன் எல்லாம் நமக்கு அழகு. மூன்று வயசுக்கு வேண்டாம். பிய்ந்து வாய்க்குப் போகும். மெல்லிய வெல்க்ரோவை அகலத்தில் பாதியாக நறுக்கித் தையுங்கள். முரட்டுப் பக்கம் அடியில் வரும் துணியில் இருக்கட்டும், மேலே மூடும் துணியில் மெத்துப் பக்கம். மாற்றிப் போட்டால் பொம்மையின் முதுகைப் பிறாண்டும். கண்ணும் அப்படியே: பட்டன், மணி எதுவும் வேண்டாம், நூலால் தைத்த கண் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். கழன்று வரும் பாகம் அதற்குள் முழுசாக அடங்கினால் அந்தப் பொம்மை தேறாது. உங்கள் ரவிக்கைப் பட்டன் அதில் தாராளமாக அடங்கும்.

குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். பல வருஷங்களுக்கு முன் நான் தைத்து முடித்த பொம்மை ஒன்றைத் தடவியபோது விரலில் குத்தியது. உள்ளே ஒன்று தங்கிவிட்டிருந்தது. குழந்தை கைக்குப் போவதற்கு முன் தெரிந்தது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து முடித்த பொம்மையின் மேல் பலமான காந்தம் ஒன்றை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். உங்கள் ஊசி இரும்புதானா என்று முதலில் அதே காந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றி. 2020ஆம் ஆண்டு பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு அதில் விலக்கு தரப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவுக்குத் தரும் அடையாள அட்டையைப் பெஹ்சான் அட்டை என்பார்கள். காசு வாங்கத் தொடங்கும் முன் அந்த அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அதுவரை கை சும்மா இருக்காது என்றால், மாதுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கிற வீடுகளின் மரப்பாச்சிகளுக்கு உடுப்புத் தைத்துப் பழகுங்கள். அதற்கு வேறு கணக்கு. கை உடம்போடு ஒட்டியே செதுக்கியிருக்கும், சட்டைக்கை நுழைய வழியில்லை. புடவையை முன்கூட்டியே கொசுவி, கொசுவத்தை இரண்டு தையலில் நிறுத்தி, பின்னால் வெல்க்ரோ வைத்த பட்டையாகத் தைத்துவிடுங்கள். சுற்றி ஒட்டிவிட்டால் ஒன்பது நாளும் நிற்கும்.