அமெரிக்க விமானப் பணிப்பெண்களின் சீருடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முதல் விமானப் பணிப்பெண்கள் செவிலியர்கள் என்கிறார்களே, விமானத்திலும் செவிலியர் உடையைத்தான் அணிந்தார்களா?

பதில்: அவர்களுக்கு இரண்டு உடைகள் இருந்தன. 1930 மே மாதம் எலன் சர்ச் உள்ளிட்ட எட்டுச் செவிலியரைப் பணியில் அமர்த்திய போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம், தரையில் அணிவதற்குப் பச்சைக் கம்பளிக் கோட்டும் ஸ்கர்ட்டும், தோளிலிருந்து தொங்கும் மேலங்கியும் கொடுத்தது. விமானம் கிளம்பிய பிறகு மருத்துவமனை உடையை ஒத்த அங்கிக்கு அவர்கள் மாறிக்கொண்டார்கள். பறக்க அஞ்சிய பயணிக்குத் தைரியம் தருவதே அதன் நோக்கம். அந்த மேலங்கியின் பெரிய பைகளில் ஸ்பேனர், திருப்புளி, ரயில் கால அட்டவணை ஆகியவை இருந்தன. இருக்கைகள் தரையோடு இறுகப் பொருந்தியுள்ளனவா என்று பார்ப்பதும், வானிலை கெட்டு விமானம் வழியில் இறங்கிவிட்டால் பயணிகளை ரயிலேற்றி அனுப்புவதும் அவர்களுடைய வேலைதான். அந்த உடையை மதிப்பிடுபவர்கள் முதலில் அந்தப் பைகளைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: 1940களின் படங்களில் ராணுவச் சீருடையின் சாயல் தெரிகிறதே, ஏன்?

பதில்: இரண்டாம் உலகப் போரில் செவிலியர்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால், விமான நிறுவனங்கள் செவிலியர் தகுதியை வற்புறுத்துவதைக் கைவிட்டன. அன்றைய பொதுமக்கள் மதித்த உடை ராணுவ உடை என்பதால், பணிப்பெண்ணின் கோட்டிலும் அந்த மிடுக்கு வந்து சேர்ந்தது. டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்துக்காக ஹாலிவுட் ஆடை வடிவமைப்பாளர் ஹோவர்ட் கிரியர் 1944இல் உருவாக்கிய கோட்டைக் கூர்ந்து பாருங்கள்: நிறுவனத்தின் எழுத்துகள் தோளருகே தெரியும், பணி முடிந்ததும் ஒரு மடிப்பை இழுத்துப் பொத்தானிட்டு அவற்றை மறைத்துவிடலாம்.

கேள்வி: பான் ஆம் நிறுவனத்தின் புகழ்பெற்ற நீலச் சீருடை யாருடைய கைவண்ணம்?

பதில்: பெவர்லி ஹில்ஸைச் சேர்ந்த டான் லோப்பர் 1959இல் வடிவமைத்தது. அதன் நிறத்துக்கு டூனிஸ் நீலம் என்று பெயர். வெள்ளைக் கையுறையும் சிறு தொப்பியும் படங்களில் தெரிகின்றன. படத்தில் தெரியாதது, இடுப்பை இறுக்கும் உள்ளாடை. அக்காலத்து அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அது கட்டாயம். அணிந்திருக்கிறார்களா என்று மேற்பார்வையாளர்கள் சோதித்தார்கள், எடையும் பார்த்தார்கள். அந்த நேர்த்தியை வியக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கேள்வி: 1960களில் உடைகள் திடீரென்று வண்ணமயமானது ஏன்? நாகரிக மாற்றம் மட்டும்தானா?

பதில்: நாகரிகம் ஒரு காரணம், பெரிய காரணம் கட்டணம். அமெரிக்காவின் உள்நாட்டு விமானக் கட்டணங்கள் அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. விலையைக் குறைத்துப் போட்டியிட முடியாத நிறுவனங்கள் சாப்பாட்டிலும் உபசரிப்பிலும் பணிப்பெண்ணின் தோற்றத்திலும் போட்டியிட்டன. 1965இல் விளம்பரத் துறையின் மேரி வெல்ஸ் கொடுத்த யோசனையின்படி, பிரானிஃப் நிறுவனம் தன் விமானங்களுக்குப் பல வண்ணம் பூசி, இத்தாலிய வடிவமைப்பாளர் எமிலியோ புச்சியிடம் சீருடைப் பொறுப்பைக் கொடுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த உடைகளைப் பயணத்தின் போக்கில் ஒவ்வொன்றாகக் களையும்படி அவர் அமைத்தார். அதையே கிளர்ச்சியூட்டும் விளம்பரமாகவும் ஆக்கினார்கள். மழையிலும் காற்றிலும் தலையலங்காரம் கலையாமலிருக்க, விண்வெளி வீரர் கவசம் போன்ற பிளாஸ்டிக் குமிழி ஒன்றும் இருந்தது. அது எளிதில் விரிசல் விட்டது, விமானத்துக்குள் வைக்கவும் இடமில்லை; விரைவிலேயே கைவிட்டார்கள். 1968இல் டி.டபிள்யூ.ஏ. இன்னும் ஒருபடி மேலே போய்க் காகித உடைகளையே அணிவித்தது. சூடான உணவுத் தட்டோடு குறுகிய இடைவழியில் நடக்கும் ஒருவருக்குக் காகிதத்தை உடுத்தியது பொறுப்பற்ற செயல் என்பதே என் கருத்து.

கேள்வி: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் அணியும், மலாய் மரபு உடையைத் தழுவிய சாரோங் கெபாயாவும் இதே காலத்ததா?

பதில்: ஆம். மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்காக பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பல்மேன் 1968இல் அமைத்தது. 1972இல் நிறுவனம் இரண்டானபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதைத் தொடர்ந்தது.

கேள்வி: பணிப்பெண்ணின் தோற்றத்தையே விளம்பரமாக்கிய அமெரிக்கப் போக்கு எப்படி மாறியது?

பதில்: 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் பால் பாகுபாட்டைத் தடை செய்தது. பணிப்பெண்களும் அவர்களுடைய சங்கங்களும் அதைப் பற்றிக்கொண்டு வயது வரம்பையும் திருமணத் தடையையும் எதிர்த்துப் போராடினார்கள். பயணிகள் பெண்களையே விரும்புகிறார்கள் என்று வாதிட்டு ஆண் விண்ணப்பதாரர் ஒருவரை மறுத்த பான் ஆம், 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பதே விமான நிறுவனத்தின் முதன்மை வேலை என்றது நீதிமன்றம். அதன் பிறகு ஆண்களும் இந்தப் பணிக்கு வரத் தொடங்கியதால், இருபாலருக்கும் பொருந்தும் சீருடையை நிறுவனங்கள் யோசிக்க வேண்டியதாயிற்று.