பந்தைக் கொடுக்காத லேப்ரடார்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அடுக்ககத்தில் வசிக்கிறோம். ஐந்து மாத லேப்ரடார் குட்டி இருக்கிறான், பெயர் கருப்பன். வேட்டைக்காரர் சுட்ட பறவையைக் கசக்காமல் கவ்விக் கொண்டுவரும் நாய்களைக் காணொளிகளில் பார்த்து, இவனை நானே அப்படிப் பழக்க நினைத்தேன். பந்தைப் பாய்ந்து கவ்வுகிறான், திரும்பி வருவதில்லை. துரத்தினால் இன்னும் ஓடுகிறான். இப்போது பாதி வழியிலேயே போட்டுவிடுகிறான். பயிற்சியாளரிடம் விட்டுவிடலாமா?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

நீங்களே பழக்கலாம். ஆனால் முதலில் எறிவதை நிறுத்துங்கள். நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு வலிக்கும் நேரத்தில் கவ்வச் சொன்னால், அந்த வலியைக் கவ்வும் பொருளோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வான். பாதி வழியில் போடுவதற்கு இது காரணமாக இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்கள். கோரைப்பல் நான்கும் முழுசாக வளரட்டும்.

அதுவரை விசில் பழக்குங்கள். ஆக்மி 211.5 போல எண் போட்ட விசில் வாங்கினால், தொலைந்தாலும் அதே சுருதியில் இன்னொன்று கிடைக்கும். நீளமாக ஒரு ஊதல் என்றால் உட்கார வேண்டும், குட்டிக் குட்டியாகப் பல ஊதல் என்றால் வர வேண்டும். சோற்றுத் தட்டை வைக்கும்போதெல்லாம் உட்காரவைத்து, சில நொடி காத்திருக்கச் செய்து, பிறகு விடுங்கள். இந்தக் காத்திருப்புதான் மொத்தப் பயிற்சிக்கும் அடித்தளம். ஓடுவது லேப்ரடாரின் ரத்தத்திலேயே இருக்கிறது, அதை யாரும் கற்றுத்தர வேண்டாம்.

பல் வளர்ந்த பிறகு பந்தை விட்டுவிட்டு, கான்வாஸ் உறையில் துணி அடைத்த உருளை ஒன்றைப் பயன்படுத்துங்கள். குட்டிக்கு 200 கிராம் எடை போதும், வளர்ந்தபின் 450 கிராம். அதை விளையாடக் கொடுக்காதீர்கள், இழுத்துப் பிடுங்கும் ஆட்டமும் வேண்டாம். பிடுங்கிப் பழகிய நாய் பொருளை இறுக்கிக் கடிக்கத் தொடங்கும், அதை மாற்றுவது மிகக் கடினம்.

பயிற்சிக்கு மைதானம் வேண்டாம், உங்கள் அடுக்ககத்தின் நடைவழி போதும். இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் வேறு எங்கும் ஓட முடியாது. கருப்பனின் படுக்கையை உங்களுக்குப் பின்னால் வையுங்கள். கிடைத்ததை நாய் தன் இடத்துக்குத்தான் கொண்டுபோகும், வழியில் நீங்கள் இருப்பீர்கள். மூன்று மீட்டர் தள்ளி எறியுங்கள். கவ்வியதும் நீங்கள் பின்வாங்கி நடங்கள். ஒருபோதும் அவனை நோக்கிப் போகாதீர்கள், நீங்கள் துரத்தியதால்தான் அது அவனுக்கு ஓட்டப்பந்தயமாகிவிட்டது. வந்தவுடன் பொருளுக்குக் கை நீட்டாமல் நெஞ்சைத் தடவிக்கொடுங்கள், பிறகு "கொடு" என்று சொல்லி வாங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று எறிதல்தான், அவனுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

அங்கே தவறாமல் கொடுக்கத் தொடங்கியபின் வெளியே போகலாம். பத்து மீட்டர் கயிறு கட்டுங்கள். அதன் நுனியில் முடிச்சோ வளையமோ கூடாது, புதரில் மாட்டிக்கொள்ளும். கையுறை இல்லாமல் ஓடும் கயிற்றைப் பிடித்தால் உள்ளங்கை கிழியும். இப்போது எறிந்த உடனே விடாமல் உட்காரவைத்துவிட்டு விடுங்கள். இரண்டில் ஒன்றை நீங்களே போய் எடுங்கள். விழுந்ததெல்லாம் தனக்கு இல்லை என்று அவன் அறிய வேண்டும். மோப்பத்தால் தேடப் பழக்க, அவன் முகத்துக்கு எதிர்க்காற்று வரும்படி புல்லில் ஒளித்துவையுங்கள். உங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வரும் என்பதால் அப்போது மேற்கு நோக்கித் தேடவிடலாம்.

இறகு பழக, கோழிக்கடையில் சிறகு இறகு வாங்கிக் கழுவி, நன்றாகக் காயவைத்து உருளையில் கட்டுங்கள். உயிருள்ள பறவை வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவை வேட்டையைத் தடுக்கிறது. ஏரிக்கரையில் ஆட்காட்டியும் கௌதாரியும் தரையிலேயே முட்டையிடும், அங்கே நாயை அவிழ்த்துவிடுவது பெரும் அநியாயம். பெல்லந்தூர் போன்ற கழிவு கலந்த ஏரிகளிலும் இறக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புல்லிலிருந்து வந்ததும் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

தீபாவளி வாரத்தில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். உருளையை எறியும் நொடியில் பக்கத்தில் வெடி வெடித்தால், அந்த உருளையைப் பார்த்தே பயப்படத் தொடங்குவான்.