ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படங்களையும் மொபைல் படங்களையும் இலவசமாக ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள் நல்லது?

டிஜிகேம் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முகங்களை அடையாளம் காண்பதும் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். படம் எதுவும் வெளியே போகாது.

ஸ்கேன் படங்களில்தான் சிக்கல். 1984-இல் எடுத்த கல்யாணப் படம், ஸ்கேன் செய்த தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, தேதி திருத்தும் கருவியில் பழைய தேதியைக் கொடுங்கள். நாள் நினைவில்லாவிட்டாலும் வருடம் சரியாக இருந்தால் வரிசை வந்துவிடும். கையோடு, அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதிக்குப் போய், பெயர்களும் குறிச்சொற்களும் படக் கோப்பிலேயே எழுதப்படும்படி டிக் செய்யுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பாட்டியின் பெயர் படத்தோடு கூடவே வரும்.

வெளிறிய நிறத்துக்கு, ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் லெவல்ஸ் (ஒளி, இருள் அளவைச் சரிசெய்யும்) கருவி. மூலப் படத்தைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.