கியர் விகிதத்தை மாற்றாமல் பிக்கப்புக்கு எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

விட்டம் 5 சதவீதம் வரை கூடினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பாரம் இழுக்கும் வண்டியில் அதற்கு மேல் வேண்டாம்.

ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்வோம். 275/65 ஆர்18 டயரில் 275 என்பது மி.மீ. அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம், 18 என்பது ரிம்மின் அங்குல அளவு. அதன் விட்டம்: 275 × 0.65 × 2 = 357.5, அதோடு 18 அங்குல ரிம்முக்கு 457.2, மொத்தம் 815 மி.மீ. 285/70 ஆர்18 போட்டால் 856 மி.மீ., அதாவது 5 சதவீதம் அதிகம். பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.73 என்றால் இனி அது 3.55 போல இழுக்கும். அந்த விகிதத்திலேயே வண்டி விற்பனைக்கு வந்திருப்பதால் பயமில்லை. ஆனால் 3.55 ஆக்சிலில் 35 அங்குல டயர் போட்டால் 3.25-க்கு இறங்கிவிடும். மேட்டில் கியர்பாக்ஸ் அடிக்கடி கீழ் கியருக்குத் தாவும், டிரெய்லர் மாட்டினால் ஆயில் சூடேறும்.

விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், எடையும் முக்கியம். கனமான எல்.டி. (லைட் டிரக்) ரகத்தில் வண்டி வேகமெடுப்பது மந்தமாகும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். அதே பாரத்தைத் தாங்க எல்.டி. டயருக்குக் காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும்.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, முன்னும் பின்னும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். உரசல் பெரும்பாலும் ரிவர்ஸில்தான், முன் சக்கரக் குழியின் உள்லைனரில் (பிளாஸ்டிக் உறை) பின்பக்கத்தில் தெரியும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 105 போவீர்கள்; வண்டியின் கணினியில் பதிந்துள்ள டயர் சுற்றளவை ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் மூலம் திருத்துங்கள், கியர் மாறும் நேரமும் சீராகும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.