தலையில் அடிபட்டபின் தீராத தலைசுற்றல்: கேள்வி பதில்

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்து மூன்று மாதம் ஆகிறது டாக்டர். சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனால் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை முழுக்கச் சுழல்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.

பதில்: ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும் தம்பி. உள்காது சரியாக வேலை செய்கிறதா என்று காட்டாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள், அடிபட்ட அதிர்ச்சியில் இடம்மாறி, அங்கேயே தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்கலாம். புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் 'டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்தீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கருவிழி தானாகத் துடித்து அசைகிறதா என்று பார்ப்பார்கள். 1952-இலிருந்து இருக்கும் சோதனை. ஒரு கட்டில் போதும். துகள்தான் என்று உறுதியானால், எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பியே அதைக் குழாயிலிருந்து வெளியேற்றிவிடலாம். அடிபட்டவர்களுக்கு இரண்டு காதிலும் வரலாம், மறுபடியும் வரலாம். ஒருமுறை செய்து பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். கழுத்திலும் அடி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தலைசுற்றல் மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை முதல் சில நாட்களுக்குத்தான். மாதக்கணக்கில் போட்டால், மூளை தானே பழகிச் சரிக்கட்டிக்கொள்வது தள்ளிப்போகும். வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் வரலாம். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் மனது வலிக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. குளியலறையில் விழுந்து ஒரு மாதம் கழித்து இப்போது தலைவலி, நடையில் தடுமாற்றம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து, வாரங்கள் கழித்துத்தான் இப்படிக் காட்டிக்கொடுக்கும். அடிபட்ட அன்று எடுத்த ஸ்கேன் இதற்குப் பதிலாகாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: எனக்குச் சுழலவில்லை. கூட்டமான கடையிலும் இருட்டிலும்தான் தள்ளாடுகிறது.

பதில்: உள்காது பலவீனமானால் உடம்பு கண்ணையே நம்பி நிற்கப் பார்க்கும். கண்ணுக்கு இருட்டிலும் பிடிமானம் இல்லை, கூட்டத்திலும் இல்லை. சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இருபக்கமும் அசைப்பது போன்ற பயிற்சிகளை முதலில் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யச் சொல்வார்கள். அப்போது லேசாகக் கிறுகிறுக்கும்; அதற்குப் பயந்து தலையை விறைப்பாக வைத்துக்கொண்டால் குணமாக நாளாகும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

கேள்வி: எப்போது வண்டி ஓட்டலாம்?

பதில்: தோளுக்குப் பின்னால் வேகமாகத் திரும்பிப் பார்த்தாலும் சுற்றாத நிலை வரவேண்டும், மருத்துவரும் சரி என்று சொல்லவேண்டும். அதுவரை பஸ்ஸில் போங்கள்.