டீபக் பேக்கேஜே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் சி நிரல் ஒன்றை ஆர்பிஎம் பேக்கேஜாக (ஃபெடோரா போன்ற லினக்ஸ்களில் நிரலை நிறுவும் பொதி) கட்டுகிறேன். கம்பைல் எல்லாம் ஒழுங்காக முடிந்து, கடைசியில் 'டீபக்சோர்ஸ்ஃபைல்ஸ்.லிஸ்ட்' காலியாக இருக்கிறது என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று ஆர்பிஎம்முக்குச் சொல்லும் ஸ்பெக் ஃபைலில் டீபக் பேக்கேஜே வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்ததும் பேக்கேஜ் வந்துவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. (வாசகி, கோவை)

பதில்: மனசு ஒப்பாதது நியாயம்தான். முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

டீபக் தகவல் என்பது பிழை தேட உதவும் விவரம். '-ஜி' ஆப்ஷனோடு கம்பைல் செய்தால், எந்த முகவரி எந்த ஃபைலின் எந்த வரியிலிருந்து வந்தது, மாறிகளின் பெயர் என்ன, வகை என்ன என்ற விவரமெல்லாம் ட்வார்ஃப் என்ற வடிவத்தில் நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும். பல சமயம் நிரலைவிட இந்த விவரமே பெரியதாக இருக்கும். அதனால் பேக்கேஜ் கட்டும்போது ஆர்பிஎம் அதைத் தனியே உருவி டீபக்இன்ஃபோ என்ற துணைப் பேக்கேஜில் வைக்கிறது. மூல ஃபைல்கள் டீபக்சோர்ஸ் என்ற இன்னொன்றில் போகும். ஃபெடோராவில் இந்த இரண்டும் தனித்தனியானது 2017-ல், 27-ஆம் பதிப்பில். உங்கள் பட்டியல் காலி என்றால், உருவ வந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருள். ஏன் இல்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

'ஃபைல்' கட்டளையை இரண்டு இடத்தில் ஓட்டிப் பாருங்கள். கம்பைல் நடந்த பில்ட் அடைவில் இருக்கும் நிரலில் ஒரு தடவை, பில்ட்ரூட்டில் (பேக்கேஜுக்குள் போக வேண்டிய ஃபைல்களைத் தற்காலிகமாக நிறுவும் அடைவு) நிறுவப்பட்ட நிரலில் ஒரு தடவை. முதல் இடத்தில் டீபக் தகவல் இருப்பதாகச் சொல்லி, இரண்டாவது இடத்தில் 'ஸ்ட்ரிப்ட்' (உருவப்பட்டது) என்று வந்தால், மேக்ஃபைலின் (கம்பைல் செய்யவும் நிறுவவும் மேக் கட்டளை படிக்கும் ஃபைல்) இன்ஸ்டால் வரியில், தகவலை நீக்கிவிடும் '-எஸ்' ஆப்ஷன் ஒளிந்திருக்கிறது. அதை நீக்கினால் போதும்.

முதல் இடத்திலேயே தகவல் இல்லையென்றால் '-ஜி' போய்ச் சேரவே இல்லை. நான் அதிகம் பார்த்தது இதைத்தான். கம்பைலருக்கான ஆப்ஷன்கள் அடங்கிய சிஃபிளாக்ஸை ஆர்பிஎம் சூழல் மாறியாகத்தான் அனுப்புகிறது. மேக்ஃபைலில் யாராவது 'சிஃபிளாக்ஸ் = -ஓ2' என்று எழுதி வைத்திருந்தால் அதுதான் ஜெயிக்கும். மேக் கட்டளையின் வரியிலேயே சிஃபிளாக்ஸைக் கொடுங்கள், அப்போது மேக்ஃபைல் அடங்கிவிடும். லிங்க் செய்யும் வரியிலும் '-எஸ்' இருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. தகவலை உருவும் கருவி, இயக்கும் அனுமதி உள்ள ஃபைல்களை மட்டும்தான் தேடும். உங்கள் ஷேர்டு லைப்ரரி 644 அனுமதியோடு, அதாவது இயக்கும் அனுமதி இல்லாமல், நிறுவப்பட்டிருந்தால் அதைத் தொடாமலே போய்விடும். 755 ஆக்குங்கள்.

பேக்கேஜில் வெறும் பைத்தான் ஸ்கிரிப்ட்கள்தான் என்றால் கதை வேறு. அதை 'நோஆர்ச்' (எந்த வகைச் செயலிக்கும் பொது) என்று குறித்துவிட்டால் டீபக் பேச்சே வராது.

கேள்வி: தேவைப்படும்போது அதே மூலத்தை '-ஜி' போட்டு மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாமே? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இவ்வளவு பெரிய ஃபைலை ஏன் காக்க வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: கம்பைலரின் பதிப்பு கொஞ்சம் மாறினாலே முகவரிகள் நகர்ந்துவிடும். நீங்கள் புதிதாகக் கட்டியது வாடிக்கையாளரிடம் ஓடுகிற அதே நிரல் இல்லை. பிழை தேடும் கருவியான ஜிடிபி இதைக் கண்டுபிடிப்பது பில்ட்-ஐடி மூலம். லிங்க் ஆகும்போது நிரலுக்குள் பதியும் அடையாளம் அது; வழக்கமாக 20 பைட், எழுதினால் 40 இலக்கம். '/யூஎஸ்ஆர்/லிப்/டீபக்' அடைவுக்குள் '.பில்ட்-ஐடி' என்று ஓர் அடைவு இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அதற்குள் துணை அடைவின் பெயர், மீதி 38 ஃபைலின் பெயர். ஐடி பொருந்தினால்தான் ஜிடிபி அந்த ஃபைலை எடுத்துக்கொள்ளும்.

ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் மட்டும் விழும் நிரல் ஒன்றின் கோர் டம்ப் (நிரல் விழுந்த நேரத்து நினைவக நகல்) எனக்கு வந்தது. என் கணினியில் அந்தப் பிழை வரவே இல்லை. பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்தால் வரிக்கு வரி கேள்விக்குறிதான். 'இயூ-அன்ஸ்ட்ரிப் -என்' கட்டளையை அந்த கோர் மேல் ஓட்டி பில்ட்-ஐடிகளை எடுத்தேன், அதே வெளியீட்டின் டீபக்இன்ஃபோவை நிறுவினேன். கேள்விக்குறி இருந்த இடத்தில் ஃபங்ஷன் பெயர், ஃபைல், வரி எண், நல் ஆகிப்போன பாயின்டரின் பெயர் வரை வந்து நின்றது. கட்டிய அன்றே அந்தத் தகவலை எடுத்து வைத்திருந்ததால் நடந்தது இது. வட்டில் இடம் போகிறது என்று யார் சொன்னாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மூலநிரலை வெளியே தருவதில்லை. டீபக் பேக்கேஜ் போனால் ரகசியம் போய்விடாதா? (வாசகர், சென்னை)

பதில்: டீபக்இன்ஃபோவில் மூலவரிகள் இருக்காது. ஆனால் ஃபங்ஷன் பெயர், மாறிகள், கட்டமைப்புகள் எல்லாம் இருக்கும். அதனால் வெளியே தர வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். வாடிக்கையாளருக்கு நிரல் பேக்கேஜ் மட்டும் போகட்டும். டெபியன் லினக்ஸிலும் 2015 டிசம்பரிலிருந்து டிபிஜிசிம் என்ற டீபக் பேக்கேஜ்கள் தானாகவே தனியாகத்தான் உருவாகின்றன.

உள்ளே வைப்பதை அடுக்கித் தேட வேண்டியதில்லை. 2019-ல் இஎல்எஃப்யூடில்ஸ் என்ற கருவித் தொகுப்பின் 0.178 பதிப்போடு டீபக்இன்ஃபோடி என்ற சர்வர் வந்தது. ஆர்பிஎம்கள் கிடக்கும் அடைவை '-ஆர்' ஆப்ஷனோடு அதற்குக் காட்டுங்கள். உங்கள் குழுவினரின் கணினிகளில் 'டீபக்இன்ஃபோடி_யூஆர்எல்ஸ்' சூழல் மாறியில் அந்த சர்வரின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கோரைத் திறந்ததும் பில்ட்-ஐடியை வைத்து ஜிடிபியே கேட்டு வாங்கிக்கொள்ளும்.